முப்பத்தொரு நிமிடத்தில் மதுரை

எல்லாக் குடும்பத்திலும் வழி சொல்வதற்கென்றே ஒருவன் இருப்பான். எந்த ஊருக்கு எந்த பஸ், ரயிலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் அடிக்காது, எங்கே இறங்கினால் ஆட்டோ கிடைக்கும் என்று யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவான். அவன் பேச்சைக் கேட்டுக் கிளம்பியவர்களில் பாதிப் பேர் தப்பான ஊரில் இறங்கியிருப்பார்கள். ஆனாலும் அவன் அசரமாட்டான். எங்கள் குடும்பத்தில் அந்த ஆள் நான்தான். இன்றைக்கு யாராவது என்னிடம் வந்து, "மெட்ராஸிலிருந்து மதுரைக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டால், "தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறேன். எனக்கு இந்த அடக்கம் எப்படி வந்தது என்பதைச் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. மதுரை கே.கே. நகரில் பிறந்து வளர்ந்து, சென்னையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கம்பெனியில் ஒரு முறை என்னைப் பயிற்சிக்காக பெங்களூருக்கு விமானத்தில் அனுப்பினார்கள். போக ஒன்று, வர ஒன்று, ஆக மொத்தம் இரண்டு பயணம். அந்த இரண்டை வைத்துக்கொண்டு நான் இரண்டு வருடம் பேசினேன். போர்டிங் பாஸைச் சட்டைப் பையில் பாதி வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போயிருக்கிறேன் (சத்தியமாக!). யாராவது "இது என்ன தம்பி?" என்று கேட்க மாட்டார்களா என்று இரண்டாவது டீயும் வாங்கிக் குடித்தேன். ஒருத்தரும் கேட்கவில்லை.

என் ஒரே அக்கா செல்வியைக் கொட்டாம்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தோம். மதுரைக்கு வடக்கே, திருச்சி ரோட்டில் இருக்கிற ஊர். விவசாயக் குடும்பம். மச்சான் பாண்டி நல்ல மனுஷன். அவருடைய அப்பா, அதாவது அக்காவின் மாமனார், அவரைவிட நல்ல மனுஷன். ஆனால் நேரம் காலம் என்று வந்துவிட்டால் அவரிடம் பேச முடியாது. கிணற்று மோட்டாருக்கு சுவிட்ச் போடுவதற்குக்கூட காலண்டரைக் கிழித்துப் பார்க்கிறவர். அக்காவின் மகள் யாழினிக்குப் பதினோரு மாதம் ஆனபோது காதுகுத்து வைத்தார்கள்.

எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்றால் குழந்தைக்கு வலி, தாய்மாமனுக்கு விசேஷம். பிள்ளையைத் தாய்மாமன் தன் மடியில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும். அவன் கொண்டுவந்த கம்மலைத்தான் ஆசாரி போடுவார். அவன் வராமல் போனால் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் குழந்தையின் அம்மா, கேட்பதற்கு நாதியில்லாத வீட்டிலிருந்து வந்தவள் மாதிரி, புகுந்த வீட்டார் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும். எங்களுக்கு அப்பா இல்லை. அக்காவுக்கு நான் ஒரே தம்பி. அந்தப் பந்தலில் அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு மடி, அது என்னுடையது.

மாமனார் திங்கட்கிழமையில் நாள் குறித்திருந்தார். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது ராகு காலம். பத்தரையிலிருந்து பன்னிரண்டு எமகண்டம். நடுவில் கிடக்கிற ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தாக வேண்டும்.

அக்கா ஒரு மாதம் முன்பிருந்தே போன் போட ஆரம்பித்துவிட்டாள்.

"டேய், மொத நாளே வந்துர்றா."

"எதுக்குக்கா மொத நாளே? காலைல பிளைட்ல வாரேன்."

"பிளைட்டா? எதுக்குடா இந்த வீண் வேல? இவுக அப்பாவப் பத்தித் தெரியும்ல. ஒரு நிமிசம் அங்கிட்டு இங்கிட்டு ஆனாலும் ஆடித் தீத்துருவாரு."

"நீ பேசாம இரு. எல்லாக் கணக்கும் நான் பாத்துட்டேன்."

முதல் நாளே போக முடியாத அளவுக்கு எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க லுங்கியைக் கட்டிக்கொண்டு அறையில் படுத்துத்தான் கிடந்தேன். ஆனால் முதல் நாளே போய் இறங்கினால் யார் பார்ப்பார்கள்? பந்தல் நிறையக் கூட்டம் இருக்கும்போது, "மாமன் பிளைட்ல வந்து எறங்கிட்டாருப்பா" என்று நாலு பேர் பேச வேண்டாமா? அதுதான் என் திட்டம்.

கணக்குப் பார்த்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் ஒரு பக்கம் இருந்தது. இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் போதும், நடுவில் எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடத்தில் பறக்கலாம் என்று சொல்லிவிடும். நான் சென்னை, மதுரை என்று கொடுத்தேன். நானூற்றுப் பதினெட்டு கிலோமீட்டர் என்று வந்தது. மணிக்கு எண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் போனால் முப்பத்தொரு நிமிடம். என் அறையிலிருந்து ஆபீஸ் போவதற்கே ஐம்பது நிமிடம் ஆகிறது என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்தப் பக்கத்தின் அடியில், இது வானத்தில் நேர்கோடு போட்டுப் பார்த்த தூரம், கிளம்புவதற்கும் இறங்குவதற்கும் ஆகும் நேரம் இதில் சேராது என்று பொடி எழுத்தில் போட்டிருந்ததாம். கீழே போய்ப் படிக்கிற பழக்கம் எனக்கு அப்போது இல்லை.

டிக்கெட்டில் தெளிவாகத்தான் போட்டிருந்தான். காலை ஏழு நாற்பதுக்குக் கிளம்பும், ஒன்பது ஐந்துக்கு மதுரை. நான் அதை நம்பவில்லை. முப்பத்தொரு நிமிடத்தில் போகிற இடத்துக்கு எதற்கு ஒன்றே கால் மணி நேரத்துக்கு மேல்? சீக்கிரம் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம் என்று பேர் வாங்குவதற்காகக் கூட்டிப் போட்டிருக்கிறான், இதெல்லாம் விவரம் தெரியாதவர்களுக்கு என்று முடிவு கட்டினேன். ஆக என் கணக்குப்படி எட்டே காலுக்கு மதுரை. மதுரையிலிருந்து கொட்டாம்பட்டிக்கு முக்கால் மணி நேரம். ஒன்பது மணிக்கு, ராகு காலம் முடிகிற அதே நொடியில், நான் பந்தல் வாசலில் காலை வைப்பேன்.

இதில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. கே.கே. நகர்க்காரனுக்குக் கொட்டாம்பட்டி எப்போதுமே முக்கால் மணி நேரம்தான். பக்கத்தில் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு, ஏறினால் மேலூர், அடுத்து கொட்டாம்பட்டி. ஆனால் விமான நிலையம் ஊருக்குத் தெற்கே அந்தக் கோடியில் இருக்கிறது. இருபத்தேழு வருடம் மதுரைக்காரனாக இருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை, ஏனென்றால் அங்கே நான் போனதே இல்லை. விமானம் என்னமோ என்னை எங்கள் தெருமுனையில் இறக்கிவிடும் என்கிற நினைப்பில் இருந்திருக்கிறேன்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டேன். "418 கி.மீ. 31 நிமிடம். அறிவியல்!" என்று கீழே எழுதினேன். மச்சான் மட்டும் பதில் போட்டார்.

"மாப்ள, பிளைட்டு நம்ம ஊர்ல நிக்குமா?"

கிராமத்து ஆள், பாவம், என்று நினைத்துக்கொண்டேன்.

முத்துராசு என் சித்தப்பா மகன். என்னைவிட மூன்று வயது சின்னவன். குரோம்பேட்டையில் ஏ.சி. மெக்கானிக். அவனும் விசேஷத்துக்குப் போகிறவன்தான். சனிக்கிழமை என் அறைக்கு வந்தான்.

"அண்ணே, மதுர பஸ்ல ஏறிப் படுத்தோம்னா விடியக்காலம் கொட்டாம்பட்டி வெலக்கு ரோட்டுலயே எறக்கி விட்டுருவான். அங்கேருந்து பொடிநடையாப் போயிறலாம். சேந்தே போவோம்ணே."

"பஸ்லயா? எட்டு மணி நேரமா? முத்து, நேரத்தோட மதிப்பு தெரியணும்டா. எட்டு மணி நேரத்துல நான் பதினஞ்சு தடவ மதுர போயிருவேன்."

"பதினஞ்சு தடவ எதுக்குண்ணே? ஒருக்கா போனாப் போதாதா?"

அவனுக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தேன். விமானம் ஏன் நேராகப் போகிறது, ரோடு ஏன் வளைகிறது என்று படம் போட்டுக்கூடக் காட்டினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிண்ணே, பாத்து வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை காலை, சென்னை விமான நிலையம். சட்டைப் பையில் மஞ்சள் துணியில் முடிந்த கம்மல். கையில் ஒரு பிளாஸ்டிக் குதிரை. ஆமாம், குழந்தை உட்கார்ந்து ஆடுகிற குதிரைதான், ரோஸ் நிறத்தில். சீரோடு மாமன் கையால் ஒரு புதுமை இருக்கட்டும் என்று வாங்கியிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் குதிரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இதை உள்ளே கொண்டுபோக முடியாது, பெட்டிகளோடுதான் போட வேண்டும் என்றாள். அதன் கழுத்தில் ஒரு சீட்டைக் கட்டி அனுப்பிவைத்தார்கள். பெல்ட்டில் ஏறி, என்னைப் பார்த்தபடியே அது உள்ளே போனது.

விமானத்துக்கு நடந்து போகும்போதுதான் முதல் அதிர்ச்சி. நான் பெங்களூருக்குப் போன மாதிரி விமானம் இல்லை. இது சின்னது. இரண்டு பக்கமும் விசிறி வைத்திருந்தது! எண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் போவதற்கு எதற்கு விசிறி? பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவரிடம் கேட்டேன்.

"சார், இது எம்புட்டு வேகத்துல போகும்?"

"ஐநூறு போகும் தம்பி. சின்ன வண்டிதானே."

சரி, ஐநூறு என்றாலும் ஐம்பது நிமிடம்தான் என்று மனக்கணக்குப் போட்டுத் தேற்றிக்கொண்டேன். ஏழு நாற்பது ஆனது. வண்டி நகரவில்லை. ஏழு ஐம்பது ஆனது. முன்னால் இரண்டு விமானம் வரிசையில் நிற்கிறது என்றார்கள். (வானத்தில் போகிற சாமானுக்குக் கீழே சிக்னல் உண்டு என்பதை எந்த இணையப் பக்கமும் சொல்லவில்லை.) எட்டு மணிக்குத்தான் சக்கரம் தரையைவிட்டு எழும்பியது.

ஆனாலும் என் திமிர் போகவில்லை. ஒன்பது மணி தாண்டியபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கண்மாய்கள், தென்னந்தோப்புகள், கரட்டு மலைகள், நடுவில் கோடு கிழித்த மாதிரி திருச்சி ரோடு. அந்த ரோட்டில் போகிறவர்களை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. பாவம், எங்கே போய், எப்போது சேர்வார்களோ! பக்கத்தில் இருந்த பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "கொட்டாம்பட்டி, மேலூர்ப் பக்கம் வந்துட்டோம்போல" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கொட்டாம்பட்டியா? இப்ப நமக்குக் கீழயா?"

"ஆமா. ரோடும் வானமும் இங்கிட்டு ஒண்ணுபோலத்தானே போகுது."

அந்த நிமிடத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. சென்னையிலிருந்து மதுரைக்குக் கோடு போட்டால் அது கொட்டாம்பட்டி தலைக்கு மேலேயே போகிறது. பஸ்ஸில் வருகிறவன் இங்கேயே இறங்கிக்கொள்கிறான். நான் இதைத் தாண்டி, மேலூரைத் தாண்டி, மதுரையையும் தாண்டிப் போய், அந்தக் கோடியில் இறங்கி, திரும்ப இதே இடத்துக்கு வர வேண்டும். மச்சான் விவரம் தெரியாமல் கேட்கவில்லை. ஊரிலேயே சரியான கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

அந்த நேரத்தில் கீழே நடந்ததை அக்கா பிறகு சொன்னாள். குலசாமி கோயில் பந்தலில் எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். மேலே சத்தம் கேட்டதும் மச்சான் யாழினியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, "அந்தா பாரு, உங்க மாமா போறாரு, டாட்டா காட்டு" என்று கையை ஆட்டச் சொன்னாராம். பந்தலில் இருந்த மொத்தக் கூட்டமும் எழுந்து வந்து அண்ணாந்து பார்த்ததாம். மாமனார் மட்டும் எழுந்திருக்கவில்லை. "பாக்குறதுக்கு என்ன இருக்கு? எறங்குனாத்தான வந்ததா அர்த்தம்" என்றாராம்.

மதுரைக்கு மேலே வந்த பிறகு விமானம் இறங்காமல் வட்டம் போட்டது. கீழே இன்னொரு விமானம் கிளம்ப வேண்டுமாம். ஒரு வட்டத்தில் திருப்பரங்குன்றம் மலை வலது பக்கம் தெரிந்தது. அடுத்த வட்டத்திலும் அதே மலை, அதே வலது பக்கம். முருகா, என்னைக் கீழே இறக்கிவிடு, இனி பஸ்ஸில்தான் போவேன் என்று அங்கேயே வேண்டிக்கொண்டேன். (அந்த வேண்டுதலை இன்றுவரை காப்பாற்றுகிறேன்.)

இறங்கியபோது மணி ஒன்பதரை. போனைப் போட்டதும் பதினான்கு தவறிய அழைப்புகள். பதினைந்தாவதை எடுத்தேன். அக்கா.

"எங்கடா இருக்க?"

"வந்துட்டேன்க்கா. மதுர வந்துட்டேன்!"

"மதுரயா? நீ எங்க தலைக்கு மேல போயி இருவது நிமிசமாச்சேடா! அங்கிட்டு எதுக்குடா போன?"

இந்தக் கேள்விக்கு அறிவியலில் பதில் இல்லை. "இந்தா வாரேன்" என்று வைத்துவிட்டு ஓடினேன். ஓடி எங்கே போக? குதிரை வர வேண்டும். பெல்ட்டில் பெட்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லோரும் எடுத்துக்கொண்டு போனார்கள். குதிரையை விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று இரண்டு முறை வாசல் வரைக்கும் போய்த் திரும்பினேன். கடைசியில் ஆடி அசைந்து அது வந்தபோது மணி ஒன்பதே முக்கால். அதைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்ஸிக்கு ஓடினேன்.

"அண்ணே, கொட்டாம்பட்டி! பத்தரைக்குள்ள போகணும்ணே!"

டிரைவர் மணியைப் பார்த்தார். "பத்தரைக்கு மேலூரத் தாண்டுனாலே பெரிய விசயம் தம்பி. எங்கேருந்து வாரீக?"

"மெட்ராஸ்."

"மெட்ராஸ்லேருந்து கொட்டாம்பட்டிக்கு பஸ்ஸு இருக்கே. வழியிலயே எறங்கிக்கிறலாம்ல?"

குதிரை பின் சீட்டில் உட்கார்ந்திருந்தது. ரிங் ரோட்டைப் பிடித்து மாட்டுத்தாவணிப் பக்கம் வந்தபோது பத்தே கால். எங்கள் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். வீட்டிலிருந்து கிளம்பியிருந்தால் இந்நேரம் போய்ச் சேர்ந்து டிபனே சாப்பிட்டிருக்கலாம். அப்போது, முதல் நாளே பந்தலுக்குப் போய்விட்ட அம்மா போன் செய்தாள். அம்மா அழுதால் எனக்குத் தாங்காது. அன்றைக்கு அழவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது.

"தம்பி, சம்பந்தி பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டாரு. இனி எமகண்டம் வந்துரும்ங்கிறாரு. முத்துராச மடியில வச்சுக் குத்தச் சொல்லிட்டாரு. அவனும் தாய்மாமன் மொறதானப்பா."

"யம்மா, பத்து நிமிசம் பொறுக்கச் சொல்லும்மா!"

"நீ எங்க இருக்க?"

"மாட்டுத்தாவணி."

அம்மா போனை வைத்துவிட்டாள்.

வண்டி போய்க்கொண்டே இருந்தது. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். கம்மல் என்னிடம் இருக்கிறது. மடி என்னிடம் இருக்கிறது. பிள்ளை வேறொருவன் மடியில் அழப்போகிறது. அக்கா அந்தக் கூட்டத்தில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்? எனக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார்.

மேலூர் தாண்டி ஒரு மண்டபத்து வாசலில் வண்டிகள் நின்றன. தப்பு மேளச் சத்தம். எட்டிப் பார்த்தால், ஒரு தாய்மாமன் சீர் கொண்டுபோகிறான்! மாலை போட்டு, குடை பிடித்து, முன்னால் முப்பது பெண்கள் தாம்பாளத்தோடு. ரோட்டை மறித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக எடுத்து வைக்கிறான். அவனுக்கு என்ன அவசரம்? வந்து சேர்ந்தவன்.

"இவரு எதுல வந்துருப்பாரு தம்பி?" என்றார் டிரைவர். கொழுப்புதான்.

கொட்டாம்பட்டிப் பந்தலில் நான் இறங்கியபோது பதினொன்று பத்து. கழுத்துவரை வியர்வை, தோளில் ரோஸ் குதிரை. கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. யாழினி மொட்டைத் தலையில் சந்தனத்தோடு முத்துராசு தோளில் தேம்பிக்கொண்டிருந்தாள். அக்கா ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே மாமனார் பேசினார்.

"வாங்க மாப்ள. எம்புட்டு நிமிசம் ஆச்சு?"

பந்தல் வெடித்தது. சமையல்காரர்கூடக் கரண்டியோடு வந்து நின்று சிரித்தார். நான் நேராக அக்காவிடம் போனேன். "மன்னிச்சிருக்கா" என்றேன். சின்னப் பிள்ளை மாதிரி அழுதுவிட்டேன். இருபத்தேழு வயதுக் கழுதை, குதிரையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, நூற்றைம்பது பேர் முன்னால் அழுதது. அக்கா புடவைத் தலைப்பால் என் மூஞ்சியைத் துடைத்துவிட்டாள்.

"சரி விடு. ஒரு காதுதான்டா ஆச்சு. இன்னொண்ணு பாக்கி இருக்கு."

எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் சொன்னாள். முத்துராசு மடியில் வலது காதைக் குத்தி முடித்தபோது பத்தரை ஆகிவிட்டது. எமகண்டம் பிறந்துவிட்டது என்று மாமனார் ஆசாரியின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். கம்மல் இல்லாததால் ஆசாரி தன் பெட்டியிலிருந்த மெல்லிய கம்பி வளையத்தைப் போட்டிருந்தார். இடது காது பன்னிரண்டு மணிக்கு மேல்.

எமகண்டம் முடியும் வரை எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். பன்னிரண்டு ஐந்துக்கு யாழினியை என் மடியில் வைத்தார்கள். காலையில் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு இப்போது விவரம் தெரிந்துவிட்டது. ஆசாரியைப் பார்த்ததுமே கத்த ஆரம்பித்துவிட்டாள். என் மூக்கில் ஒரு குத்து, வயிற்றில் ஓர் உதை. நான் பிடித்த பிடியும் சரியில்லை. ஆசாரி குத்துகிற நேரம் பார்த்துத் தலையை வெடுக்கென்று திருப்பினாள். எப்படியோ கம்மல் உள்ளே போய்விட்டது. அன்றைக்கு எடுத்த போட்டோவில் ஒரு காதில் கம்பி, ஒரு காதில் கம்மல், பின்னால் அழுது வீங்கிய மாமன்.

சாப்பாட்டுப் பந்தியில் முத்துராசு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பொறாமைதான், வேறென்ன.

"உனக்குத்தான்டா குடுத்து வச்சிருக்கு" என்றேன்.

"அட போங்கண்ணே. நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பத்து மணிலேருந்து அக்கா மாமனாரு உக்காரு உக்காருன்னு வெரட்டுனாரு. ரெண்டு தடவ பாத்ரூம் போயிட்டு வந்தேன். பெறகு வேட்டி சரியில்லன்னு எந்திரிச்சேன். பெறகு, பிள்ளைக்கு வெக்கையா இருக்குன்னு பேன் கேட்டேன். பேன் வந்துச்சு, சுத்தல. நான் ஏ.சி. மெக்கானிக்குல்ல, அதையும் பிரிச்சு மாட்டுனேன். ஒரு காதோட பத்தரைய ஆக்கிப்புட்டேன்."

இலையில் சாம்பாரை ஊற்றிப் பிசைந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"ஒரு காதாச்சும் ஒங்களுக்கு மிஞ்சட்டும்னுதான்ணே."

நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். பரிமாற வந்தவர், "என்ன மாப்ள, பிளைட்லயே சாப்ட்டீகளா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பரவாயில்லை என்று இருந்தது.

அன்றிலிருந்து யாழினிக்கு இரண்டு மாமன். முத்துராசு வலது காது மாமா, நான் இடது காது மாமா. அவள் பேசப் பழகியதே அப்படித்தான். தீபாவளிக்குத் துணி எடுத்தாலும் இரண்டு பங்கு, பொங்கலுக்குக் கரும்பு கொண்டுபோனாலும் இரண்டு கட்டு. நானும் முத்துராசும் இப்போதெல்லாம் ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் ஊருக்குப் போகிறோம். ஜன்னல் சீட்டை அவனுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

யாழினி இப்போது ஐந்தாம் வகுப்பு. அன்றைக்கு அவள் தலையைத் திருப்பிய திருப்பில், இடது காதில் ஓட்டை கொஞ்சம் மேலே விழுந்துவிட்டது. என்ன தோடு போட்டாலும் ஒரு பக்கம் தூக்கலாகத்தான் நிற்கும். போன மாதம் நான் கொட்டாம்பட்டி போயிருந்தபோது, அவளோடு படிக்கிற ஒரு பெண் அவள் காதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏன்டி ஒண்ணு மட்டும் ஒசரத்துல இருக்கு?" என்று கேட்டது. யாழினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வெகு சாதாரணமாகச் சொன்னாள்.

"அதுவா? இந்தக் காது பஸ்ல வந்துச்சு. அந்தக் காது பிளைட்ல வந்துச்சு."